பழைய மாருதி 800: முந்தின ஓனர் விட்டுட்டுப் போன 'டைரக்ட்' வயரிங்கை சரி பண்றது எப்படி

நாலு கை மாறி கம்மி விலைக்கு வர்ற மாருதி 800 வாங்குறவங்களுக்காக இதை எழுதுறேன். என்னோடது கார்புரேட்டர் மாடல். இன்ஜின் நல்லா இருந்துச்சு, ஆனா ஹெட்லைட் மங்கல், ஹாரன் அடிச்சா மீட்டர் லைட் மினுக்கும், ரேடியேட்டர் ஃபேன் சாவி போட்டதும் ஓட ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது. இதெல்லாம் வண்டியோட கோளாறு இல்லங்க, ஒவ்வொரு தடவையும் யாரோ "டைரக்ட் குடுத்தாச்சு"ன்னு, அதாவது ஸ்விட்ச், ஃப்யூஸ் மாதிரி நடுவுல இருக்கறதை விட்டுட்டு நேரா வயர் இழுத்து முடிச்சு அனுப்பின வேலை. அதனால புது பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி வயரிங்கை பழைய நிலைக்கு கொண்டு வாங்க.

சாமான்னு பார்த்தா ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல் (லக்கை வயரோட நசுக்கி இறுக்குறது), லக்கு (வயர் முனையில மாட்டுற உலோக முனை), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி ஜாயின்ட்டை மூடுற குழாய்), உப்புத்தாள். சென்னைல இருக்கவங்களுக்கு எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைச்சிரும். மீட்டர் சாதாரணமானதே போதும், கிரிம்பிங் டூல் மட்டும் நல்லதா வாங்குங்க. கருப்பு இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம், இன்ஜின் சூட்டுல பசை இளகி டேப் கழண்டு ஜாயின்ட் வெளிய தெரியும்.

முதல்ல பேட்டரி மைனஸை கழட்டிட்டு, ஃப்யூஸ் பாக்ஸ், டேஷ்போர்டுக்கு அடியில எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க. கம்பெனி வயர் நிறையதுல ஒரு கலர் மேல இன்னொரு கலர் கோடு ஓடும். வீட்டு வயரிங்குக்கு போடுற ஒத்தை கலர் வயர் நடுவுல முறுக்கி சேர்த்திருந்தா அது பின்னாடி வந்தது. ஒவ்வொண்ணா எடுங்க, ஒண்ணை சரி பண்ணி செக் பண்ணிட்டு அடுத்ததுக்கு போங்க, மொத்தமா பிடுங்கினா எது எங்க போகணும்னே தெரியாம போயிரும்.

அடுத்து ஃப்யூஸ். ஒவ்வொண்ணையும் வெளிய எடுத்து பாருங்க. போன ஃப்யூஸோட ரெண்டு கால்லயும் செம்புக் கம்பியை சுத்தி திரும்ப சொருகியிருப்பாங்க, மேல இருந்து பார்த்தா தெரியாது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. மேனுவல்ல என்ன இருக்கோ அதை மட்டும் போடுங்க, கம்பி சுத்தின ஃப்யூஸ் போகாது, அதுக்கு பதிலா வயர் எரியும்.

இப்ப எர்த், அதாவது கரன்ட் வண்டி பாடி வழியா பேட்டரி மைனஸுக்கு திரும்புற பாதை. இங்க தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, காரணம் மீட்டரை பீப் சவுண்ட்ல வச்சு பார்க்குறது. பீப் அடிச்சா எர்த் ஓகேன்னு விட்டுருவாங்க. மீட்டர் அனுப்புறது ரொம்ப சின்ன கரன்ட், நாப்பது இழை உள்ள வயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிட்டிருந்தா கூட பீப் அடிக்கும், ஆனா அதே இழையில ஹெட்லைட்டோட 9 ஆம்பியர் போகாது. சரியான முறை இது: பேட்டரியை மாட்டிட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க, கருப்பு முனையை பேட்டரியோட மைனஸ் குமிழ் மேலயே வைங்க (கிளாம்ப் மேல இல்ல, குமிழ் மேல), ஹெட்லைட்டை போட்டுட்டு சிவப்பு முனையை பல்பு ஹோல்டரோட எர்த் வயர்ல வைங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 1 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வோல்ட்டேஜ் பல்புக்கு போகாம துருவுல வீணாகுதுன்னு அர்த்தம். எர்த் போல்ட்டை கழட்டி, பெயின்ட், துரு எல்லாம் போய் இரும்பு பளிச்சுன்னு தெரியிற வரைக்கும் உப்புத்தாள் போட்டு, புது லக்கு கிரிம்ப் பண்ணி டைட் பண்ணுங்க, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க.

இதே மாதிரி ஒருத்தர் செல்ஃப் அடிக்க, நீங்க சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்ல வச்சு பாருங்க. 0.5க்கு மேல போனா இன்ஜின் எர்த் கேபிள் போச்சு. இதை தயவுசெஞ்சு விட்டுறாதீங்க, ஏன்னா எர்த் சரியில்லன்னா செல்ஃப் மோட்டார் கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியா திரும்பும், கேபிள் சூடாகி உள்ள இருக்க பிளாஸ்டிக் உருகி ஆக்சிலேட்டர் மாட்டிக்கும். ஓடுற வண்டில அது உயிருக்கே ஆபத்து.

ஹெட்லைட் மங்கல்னு 100/90 வாட் பல்பு போட்டிருந்தா கழட்டிட்டு 60/55 போடுங்க. ரெண்டு 100 வாட்னா 16 ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஹோல்டர் பழுப்பாகி உருகும். உருகியிருந்தா ஹோல்டரையும் மாத்துங்க. ரிலே (சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) வச்சு போடுறது நல்லது தான், ஆனா அது எர்த் சரி பண்ணதுக்கு அப்புறம்.

அப்டேட்: ஃபேன் எப்பவும் ஓடினா நல்லது தானேன்னு கமெண்ட்ல ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கீங்க. இல்லங்க. ஃபேன் மோட்டார் தேயும், பேட்டரிக்கும் லோடு. முக்கியமா ஃபேனை டைரக்ட் பண்ணவங்க பல நேரம் தெர்மோஸ்டாட் வால்வையும் (இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்கு தண்ணி போகாம தடுக்குற வால்வு) எடுத்து போட்டிருப்பாங்க, அப்ப இன்ஜின் சூடேறவே நேரமாகும், மைலேஜ் குறையும். வண்டி நல்லா ஆறினதுக்கு அப்புறம் ஹவுசிங்கை திறந்து பாருங்க, காலியா இருந்தா புது வால்வு, கேஸ்கெட் போட்டு தண்ணிக்கு பதிலா கூலன்ட் ஊத்துங்க. வால்வு வேலை செய்யுதான்னு மாட்டுறதுக்கு முன்னாடியே பார்க்கலாம்: ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு கம்பியில கட்டி தொங்க விடுங்க, கொதி வர்றதுக்கு முன்னாடியே திறக்கணும், வெளிய எடுத்து ஆறினா மூடணும். ஃபேனுக்கு தனியா தெர்மோ ஸ்விட்ச் (சூடு ஏறினா ஃபேனை ஆன் பண்றது) இருக்கு, அது வேற இது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. டைரக்ட் வயரை எடுத்துட்டு, ஸ்விட்ச் புதுசு போட்டுட்டு வண்டியை ஐடில்ல விடுங்க, சூடானதும் ஃபேன் தானா ஓடி கொஞ்ச நேரத்துல தானா நிக்கணும்.