புராணம் பேசும் நவீனச் சிற்பங்கள்: நாம் செய்யும் சில தவறுகள்

கண்காட்சியில் புராணப் பெயர் வைத்த ஒரு நவீனச் சிற்பத்தைப் பார்த்ததும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தச் சாமி?" சங்கு, சக்கரம், வாகனம் என்று தேடுவோம். ஒன்றும் அகப்படாவிட்டால் "ஏதோ மாடர்ன் ஆர்ட்" என்று அடுத்ததற்கு நகர்ந்துவிடுவோம். நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான்.

சிற்பி மிருணாளினி முகர்ஜி 1984-ல் செய்த 'யக்ஷி'யில் அடையாளச் சின்னம் எதுவும் கிடையாது. சாயமேற்றிய சணல் நாரைக் கையால் முடிச்சு முடிச்சாகப் போட்டு எழுப்பிய உருவம் அது. முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. முடிச்சு போகும் போக்கில்தான் மடிப்பும் தொய்வும் வரும். யக்ஷி என்பவள் மரத்தோடு சேர்ந்த பெண் தெய்வம். அவளுக்கு நாராலேயே உடம்பு கொடுத்திருக்கிறார். பொருளைக் கவனித்தால் அவள் யார் என்பது தானாகவே பிடிபடும்.

அடுத்தது, மெழுகு வார்ப்பு என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து, அதில் முழு உருவத்தையும் செய்வார்கள். அளவுக்குத் தென்னை ஓலைக் கீற்றை மடித்து வைத்துக்கொள்வார்கள். மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினால் உள்ளும் புறமும் கெட்டியான சிலை கிடைக்கும். அப்புறம் உளியும் அரமும் கொண்டு நாள்கணக்கில் வேலை.

சத்தீஸ்கரின் பஸ்தரில் கதை வேறு. முதலில் களிமண்ணில் உருவம் செய்து, அதன்மேல் நூல் போல் இழுத்த மெழுகை வரிவரியாகச் சுற்றுவார்கள். சிலை உள்ளே கூடாக இருக்கும். மேலே தெரியும் கோடுகளை யாரும் செதுக்கவில்லை. விரல் சுற்றிய மெழுகு நூலின் தடம் அப்படியே உலோகத்தில் நிற்கிறது. சிற்பி மீரா முகர்ஜி ஜெர்மனியின் மியூனிக்கில் படித்துத் திரும்பியபின் பஸ்தர் வார்ப்புக்காரர்களிடம் போய் இதைக் கற்றார். டெல்லியில் இருக்கும் அவருடைய பிரம்மாண்டமான அசோகர் சிலையில் அந்தக் கற்றல் தெரிகிறது. இதையெல்லாம் "நாட்டுப்புற அலங்காரம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மூன்றாவது, சிற்பத்தின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு "முடிக்காமல் விட்டிருக்கிறார்களே" என்பது. சென்னைக்கு அருகே 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சேர்ந்த ஜானகிராம், நந்தகோபால் போன்றோரின் உலோகச் சிற்பங்கள் பெரும்பாலும் முன்னால் நின்று பார்ப்பதற்கானவை. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து உருவம் செய்தார். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கவசத்தின் முதுகை யாராவது தேடுவோமா?

சிற்பம் செய்யும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மாதிரியைச் செய்து வார்ப்புப் பட்டறையில் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் தடியாகவும் இன்னொரு பக்கம் மெல்லியதாகவும் இருந்தால் உலோகம் ஆறும்போது விரிசல் விழலாம். காற்று வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே குழி விழும். மெழுகு கையில் இருக்கும்போதே இதை வார்ப்பவரிடம் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் அவர் பெயரையும் விளக்க அட்டையில் போடுங்கள்.

உலோகச் சிற்பம் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். அந்தக் கருமையும் பழுப்பும் பல நேரம் சிற்பி வேண்டுமென்றே ஏற்றிய நிறம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். வெளிர்பச்சைப் பொடி உதிர ஆரம்பித்தால் மட்டும் சும்மா விடாதீர்கள். அது உலோகத்தை அரிக்கும் நோய். ஈரம் படாத இடத்துக்கு மாற்றிவிட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் சீக்கிரம் காட்டுங்கள்.