பனிக்காலத்தில் கார் ஓட்டப் பழகுவது எப்படி: என் முதல் கார் கற்றுக்கொடுத்தவை

கியரைக் கையால் மாற்றும் பழைய சின்ன வண்டி என் முதல் கார். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. ஹீட்டர் சூடேறப் பத்து நிமிஷமாவது ஆகும், அதுவரை நான் விடும் மூச்சே கண்ணாடியின் உள்பக்கம் பூப்பூவாக உறைந்து நிற்கும், வெளியே சுரண்டி முடித்துவிட்டு உள்ளே வந்தும் சுரண்டுவேன். அந்த வண்டியில், பனி கொட்டிக் கிடந்த மாதங்களில்தான் அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல்முறையாகப் பனியில் வண்டி எடுக்கப் போகிறவர்களுக்காக, அன்று பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: டயர்

பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் இதில் செலவழியுங்கள். இவ்வளவு பெரிய வண்டி சாலையைத் தொடுவது உள்ளங்கை அளவுள்ள நான்கே இடங்களில்தான். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், முன்னால் மட்டும் மாற்றினால் வளைவில் பின்பக்கம் தனியாக வழுக்கிக்கொண்டு போகும். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைப் பனியில் நம்ப வேண்டாம். காற்றையும் பாருங்கள், ஐந்தாறு டிகிரி குளிர் கூடினாலே ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறைந்துவிடும்.

படி 2: கிளம்புவதற்கு முன்

பனியை வண்டி முழுக்கத் தள்ளுங்கள், முக்கியமாகக் கூரையில் இருப்பதை. ஒரு நாள் அவசரத்தில் கூரையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன், முதல் பிரேக்கிலேயே அத்தனை பனியும் சரிந்து முன்கண்ணாடியை மூடியது. எதிரே ஒன்றும் தெரியாத அந்தச் சில நொடிகள் இன்னும் மறக்கவில்லை. புகைக்குழாயின் வாய் பனியில் புதைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது. உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். உள்பக்கம் மூடுபனி கட்டினால் ஹீட்டரோடு ஏசியையும் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை இழுத்துவிடும், குளிர்காலத்தில் எதற்கு ஏசி என்று பலர் அதைத் தொடுவதே இல்லை.

அப்புறம் காலணி. தடித்த பனிபூட்ஸோடு பெடலை மிதித்தால் கால் எவ்வளவு இறங்குகிறது என்றே தெரியாது. அப்பா என்னைப் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவைப் போட வைத்தார். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது பாதத்துக்குத் தெரிந்தது அன்றுதான்.

படி 3: காலி இடத்தில் வழுக்கிப் பாருங்கள்

இதைப் பழகாமல் சாலைக்குப் போகவே போகாதீர்கள். கம்பம், தடுப்புச்சுவர் எதுவும் இல்லாத, ஓட்டிப் பார்க்க அனுமதி உள்ள பெரிய காலி இடம் வேண்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், பிரேக்கை முழுசாக அழுத்துங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். என் வண்டிபோல ஏபிஎஸ் இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். அப்போது பெடலைக் கொஞ்சம் விட்டு, சக்கரம் உருண்டதும் மறுபடி அழுத்த வேண்டும்.

அடுத்து, மெதுவான வேகத்தில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். வண்டி திரும்பாமல் நேராகவே போகும். கை தானாகவே இன்னும் திருப்பப் பார்க்கும், அதுதான் தப்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும், வண்டி திரும்பும். "பொறு, அதுவே பிடிச்சுக்கும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பொறுக்காமல் திருப்பிய ஒருமுறை பனிமேட்டில் முகம் புதைய நின்றோம். அவர் ஒன்றும் திட்டவில்லை, இறங்கி மண்வாரியை எடுத்தார்.

பின்பக்கம் சறுக்கினால் கிளட்சை மிதித்து, பிரேக்கைத் தொடாமல், பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். மனப்பாடம் செய்வதைவிட, போக வேண்டிய இடத்தையே பாருங்கள், கை கண்ணைத் தொடர்ந்து போகும். இரண்டு மணி நேரம் இப்படிப் பழகினால் உடம்பு புரிந்துகொள்ளும்: பிரேக், திருப்பம், வேகம் மூன்றையும் ஒரே நேரத்தில் டயரிடம் கேட்கக் கூடாது. நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு முடித்துவிடுங்கள், பிறகு திருப்புங்கள், திரும்பி முடித்தபின் வேகம் எடுங்கள்.

படி 4: சாலையில்

சக்கரம் சுழன்றால் இரண்டாம் கியரில் கிளம்பிப் பாருங்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் தாண்டும்வரை எண்ணுங்கள், எட்டு முதல் பத்து நொடி இருக்க வேண்டும். ஐஸில் வண்டி நிற்க உலர்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் மேலே இருக்கும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள்.

பாலத்துக்குக் கீழேயும் குளிர்காற்று ஓடுவதால் அது சாலைக்கு முன்பே உறைந்துவிடும். கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாட்கள்தான் எனக்குப் பயம், ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கருப்பு ஐஸைக் காதால் பிடிக்கலாம். ஈரச் சாலையில் டயர் போடும் 'ஷ்ஷ்' சத்தம் சட்டென்று அடங்கி, ஸ்டீயரிங் லேசாகிவிடும். அந்த நொடியில் எதையும் அழுத்தாதீர்கள், திருப்பாதீர்கள், காலை மட்டும் மெல்ல எடுங்கள்.

படி 5: மாட்டிக்கொண்டால்

ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றினால் கீழே ஐஸ்தான் பளபளப்பாகும். சக்கரத்தைச் சுற்றியுள்ள பனியை அள்ளிப் போடுங்கள், மணல் தூவுங்கள், முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி வெளியே வாருங்கள். மண்வாரி, மணல், போர்வை, டார்ச் எப்போதும் டிக்கியில் இருக்கட்டும்.

படி 6: நிறுத்தும்போது

ஈரத்தோடு வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் ராத்திரியில் அது உறைந்துகொள்ளும். எனக்கு ஒரு காலை அப்படி ஆனது. ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன், வண்டி நகர்ந்தது, ஆனால் கனமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரங்கள் உருளவே இல்லை, புதுப்பனியில் டயர் அச்சே இல்லாமல் வழுவழுவென்று இரண்டு கோடுகள் மட்டும் கிடந்தன. அன்றிலிருந்து சமதளத்தில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு, வைப்பரைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.