மார்த்தாண்டத்துத் தேன் கடைக்கு வெப்சைட்: மூன்று வருடக் கணக்கு

கடைக்காரர்கள் வெப்சைட் செய்ய வாங்கிய கொட்டேஷனை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, பதினஞ்சாயிரம் சொல்லுகான், நியாயந்தானா?" என்று கேட்பார்கள். மார்த்தாண்டத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது என் தொழில். வெப்சைட் செய்ய எனக்குத் தெரியாது. ஆனால் வெப்சைட்டுக்கு ஆகிற பில் எல்லாம் கடைசியில் என் ஃபைலுக்குத்தான் வருகிறது. எது எப்போது வரும், எதைப் பார்த்து முதலாளி முகம் மாறும் என்று தெரியும். பதினைந்தாயிரம் நியாயமா என்றால் சொல்லத் தெரியாது. மூன்று வருடத்துக்கு மொத்தம் என்ன ஆகும் என்று கேளுங்கள், உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. டீக்கடை, தையல் கடை, செல்போன் ரிப்பேர், பக்கத்து ஊர்க்காரர் மட்டும் வருகிற மளிகை, இவர்களுக்கு வெப்சைட் வேண்டாம். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கப் பணம் கேட்பதில்லை. போர்டு தெரிகிற மாதிரி நாலு போட்டோ, திறக்கும் நேரம், போன் நம்பர் போட்டால் போதும். நம்மைத் தெரியாதவர்கள் தேடி வந்து வாங்கவேண்டிய தொழிலுக்குத்தான் தளம் தேவை: தேன், முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், தோவாளை மாலை ஆர்டர், கன்னியாகுமரியில் நாலு அறை விட்டிருக்கிற வீடு. அறை வாடகைக்காரருக்கு லாபம் உடனே தெரியும். புக்கிங் தளங்கள் பிடிக்கிற கமிஷன் இல்லாமல், சபரிமலை சீசனில் ஒருமுறை வந்து தங்கியவரே அடுத்த வருடம் நேராகப் போன் செய்தால் அந்தப் பணம் கையில் நிற்கும்.

இனி தேன் கடைக் கணக்கு. கடை, தேன் வகை, தேனீப் பெட்டி வைத்திருக்கும் இடம், விலை, தொடர்பு என ஐந்து பக்கத் தளம். இங்கே நான் பார்க்கிற பில்களை வைத்து, வரியும் சேர்த்துப் போடுகிறேன். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, வருடம் 1,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு 3,000. ஹோஸ்டிங் என்பது தளம் இருக்கும் இடத்துக்கு வாடகை. முதல் வருடம் ஆஃபரில் 2,500, அடுத்த இரண்டு வருடமும் 5,000 வீதம், ஆக 12,500. செய்துதர 15,000. போட்டோவுக்கு 5,000. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித்தர 3,000. விலை மாற்ற, அப்டேட் போட, பேக்கப் எடுக்க மாதம் 500. முப்பத்தாறு மாதத்துக்கு 18,000. கூட்டினால் 56,500.

பதினைந்தாயிரம் சொன்ன பையன் பொய் சொல்லவில்லை. அவன் வேலைக்கு மட்டும் விலை சொன்னான். 56,500-ஐ முப்பத்தாறால் வகுத்தால் மாதம் 1,570 ரூபாய் வரும். கிலோவுக்கு நூறு ரூபாய் நிற்கிறது என்றால் இந்தத் தளத்தால் மட்டும் மாதம் பதினாறு கிலோ கூடுதலாக விற்கவேண்டும். விற்கும் என்று தோன்றினால் செய்யுங்கள். தோன்றாவிட்டால் ஐந்து பக்கத்தை ஒரு பக்கம் ஆக்குங்கள், பராமரிப்பை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், கணக்கு பாதியாக இறங்கும்.

இந்தக் கணக்கில் ஆஃபர் என்ற சொல்லை மட்டும் நம்பவேண்டாம். முதல் வருட விலையைப் பெரிதாகவும் புதுப்பிக்கிற விலையைப் பொடி எழுத்திலும் போடுவார்கள். அந்தப் பொடி எழுத்துதான் உங்கள் பட்ஜெட். தளத்தைப் பார்க்கிறவர் தரும் விவரம் வழியில் களவு போகாமல் காக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக மூவாயிரம், நாலாயிரம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் கூடவே போட்டும் கொடுக்கின்றன. தளம் செய்யப் பயன்படுத்துகிற வேர்ட்பிரஸ் மென்பொருளும் இலவசம்தான். தமிழ் எழுத்துருவுக்கும் காசு கொடுக்கவேண்டாம், நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துரு போதும்.

போட்டோவுக்கு 5,000 எதற்கு, நம்ம போனிலேயே எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம். ஆனால் மாசி, பங்குனியில் ரப்பர் தோட்டத்துக்குள் பெட்டி நிறைந்திருக்கும்போது எடுங்கள். ஆடி மாதம் தளம் தொடங்கிவிட்டு, எடுக்கப் படம் இல்லாமல் இணையத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடிக் குப்பியைப் பிடித்திருக்கிற படத்தைப் போட்டால் வாங்க வருகிறவருக்கு என்ன நம்பிக்கை வரும்? விளம்பரக் காசும் அப்படியே: சரக்கு கையில் இருக்கிற மாதங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள், பன்னிரண்டாகப் பங்கு போடவேண்டாம்.

தளத்திலேயே காசு வாங்கி விற்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. தளத்தில் வரும் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கிற பேமென்ட் கேட்வே நிறுவனம் பொதுவாக நூற்றுக்கு இரண்டு ரூபாய் எடுக்கும், அந்த இரண்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் ஆர்டரில் 23 ரூபாய் 60 காசு போகும். யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர், அதாவது பணம் வாங்குகிற வியாபாரியிடம் பிடிக்கிற கட்டணம், கிடையாது. ஆனாலும் கேட்வே வழியாக வந்தால் அவர்கள் தங்கள் கட்டணம் கேட்கலாம், ஒப்பந்தத்தைப் படியுங்கள். மாதம் முப்பது ஆர்டர் வருகிறவரை வாட்ஸ்அப்பில் ஆர்டர், க்யூஆரில் பணம் என்று ஓட்டுங்கள் என்பேன். அதிலேயே பாதிப் பேர் நிற்கிறார்கள், நன்றாகவே நிற்கிறார்கள்.

பட்ஜெட்டில் யாரும் எழுதாத செலவு ஒன்று உண்டு, நம் மாவட்டத்துக்கு அது முக்கியம். களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, அது கேரளா. கடைக்கு வந்து வாங்குகிறவர் எந்த ஊர் என்று கேட்பதில்லை. ஆனால் தளத்தில் ஆர்டர் எடுத்துப் பாறசாலைக்குப் பார்சல் அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநில விற்பனை. பொருள் விற்கிறவருக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்ற சலுகை அதற்குக் கிடையாது. முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற திட்டத்தில், இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது நின்ற எல்லைதான் ஜிஎஸ்டிக்கும் எல்லை, அங்கே பெண் கொடுத்திருக்கிறோம் என்பதெல்லாம் செல்லாது. லேபிள் ஒட்டிய தேனுக்கு வரி 5 சதவீதம்தான், பயப்படவேண்டாம். ஆனால் ரிட்டர்ன் போட ஆகிற செலவைத் தளக் கணக்கில் சேர்த்து எழுதுங்கள், அதாவது எனக்குத் தருகிற காசு. அதில் ஒரு லாபமும் உண்டு: பதிவு இருந்தால் ஹோஸ்டிங் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, கட்டிய 18 சதவீதத்தை நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். எண்ணைப் போடாமல் சொந்தப் பெயரில் பில் வாங்கிவிட்டு என்னிடம் வந்தால் கழிக்க வழியில்லை.

உணவுப்பொருள் விற்கிற தளத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவு உரிமம் அல்லது பதிவின் எண்), நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்தவர் பெயரும் முகவரியும் தெரியவேண்டும். முதலிலேயே சொன்னால் செய்கிறவர் அதற்கு இடம் விட்டுச் செய்வார். முடிந்தபிறகு சொன்னால் கூடுதல் வேலை, கூடுதல் பில்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போனுக்கு ஓடிபி வருகிற மாதிரி பதிவாகட்டும். பணம் கட்டத் தளம் செய்கிறவர் தன் கார்டைப் போட்டாலும் பரவாயில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். நம் பையன்கள் நாளை துபாய்க்குப் போவார்கள், டெக்னோபார்க்கில் வேலை கிடைத்துத் திருவனந்தபுரம் போவார்கள், அது நல்லதுதான். ஆனால் முகவரி அவர் மெயிலில் இருந்தால் புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் அங்கேதான் போகும். டாட் காம் முகவரி காலாவதியாகி மீட்புக் காலத்துக்குள் போய்விட்டால், அந்த முப்பது நாளுக்குள் மீட்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுவது எனக்குப் பிடித்த வழி.

பணத்தை மூன்றாகக் கொடுங்கள்: தொடங்கும்போது ஒரு பங்கு, போனில் திறந்து பார்த்துத் திருப்தியானதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கு, டொமைன், ஹோஸ்டிங், தளத்தை மாற்றுகிற அட்மின் பக்கம் மூன்றின் பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வந்து, நீங்களே ஒரு தேன் குப்பியின் விலையை மாற்றிப் பார்த்தபிறகு. மூன்று பில்லையும் அந்த மாதமே என்னிடம் தந்துவிடுங்கள், மார்ச் கடைசியில் பையோடு கொண்டுவந்து கொட்டவேண்டாம்.