செட்டிநாட்டு ரேலிக்குத் தனியாக வண்டி ஓட்டி வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதம் காரைக்குடிக்கு வெளியே ஒரு தோப்பில் சின்னதாக ஒரு பைக் ரேலி நடக்கும். பகலில் சுற்றுவட்டாரத்தில் ரைடு, ராத்திரி தோப்பிலேயே கூடாரம். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு என்று எங்கெங்கிருந்தோ தனி ஆளாக வருவார்கள். உள்ளூர்க்காரன் என்பதால் டூல்ஸ் பெட்டியோடு தோப்பு வாசலில் உட்காரும் வேலை எனக்கு. வந்து நிற்கிற வண்டிகளில் பாதியைப் பார்த்தால் பதினோரு வருஷத்துக்கு முந்தைய என் வண்டியைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது.

ஹெல்மெட் போடு, லைசென்ஸ் எடுத்துக்கொள் என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முந்தின நாள் செயினை டைட் வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இதுதான். நானே செய்தது என்பதால் எரிச்சல் கூடுதல்.

அப்போது கோவையில் வேலை. ரேலிக்கு முந்தின நாள் சாயங்காலம் 350 சிசி வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். "லாங் போறேண்ணே, செயினை நல்லா டைட் வெச்சிடுங்க." அவரும் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை இழுத்து, செயினை வீணைத் தந்தி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்திக்குப் பிறகு பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன்.

காலையில் இரண்டு பக்கமும் பை, பின்னால் கூடாரம், எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து கிலோ. கரூர் தாண்டும்போதே அடியில் 'ஊம்' என்று ஒரு சத்தம். டயர் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். திருச்சியில் டீக்கடையில் நிறுத்தி செயினைத் தொட்டால் விரல் சுட்டது. ஓடினால் சூடாகத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானம். புதுக்கோட்டைக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் 'கிர்ர்'. நமணசமுத்திரம் தாண்டியதும் 'டங்' என்று ஒரே அடி. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி போகவில்லை. இறங்கிப் பார்த்தால் செயின் முன் ஸ்பிராக்கெட்டில், அதாவது முன்பக்கப் பல்சக்கரத்தில், பந்து மாதிரி சுருண்டு, இன்ஜினின் உறையான கிராங்க் கேஸை உடைத்திருக்கிறது. ரோடெல்லாம் ஆயில். ஊருக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. குட்டியானையில் வண்டியை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ரேலிக்கு வந்து சேர்ந்தேன்.

ஏன் இப்படி ஆனது என்று பிற்பாடுதான் விளங்கியது. வண்டி சும்மா நிற்கும்போது பின் அச்சு கீழே தொங்கும். நீங்களும் லக்கேஜும் ஏறி உட்கார்ந்தால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்ம் மேலே வரும். முன் ஸ்பிராக்கெட், சுவிங் ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும் இடத்தில்தான் இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் இடைவெளி அதிகம். அதாவது பாரம் ஏற ஏற செயின் இறுகும். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது தளர்வே இல்லாமல் வைத்தால், வேகத்தடையில் இறங்கும்போது நீள்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. அந்த இழுவை முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் போகும். என்னுடையது பழைய செயின் வேறு. செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற லாக்தான் இருப்பதிலேயே பலவீனம், அதுதான் முதலில் தெறித்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் வண்டிக்கு எத்தனை மில்லிமீட்டர் ஆட்டம், அதை எந்த ஸ்டாண்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கையேட்டிலோ சுவிங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ போட்டிருக்கும். ரோட்டில் ஓடும் வண்டிகள் பலவற்றுக்கும் அது 25 முதல் 35 மி.மீ.க்குள் வரும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீண்டிருக்காது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் சுற்றும்போது இன்ஜின் ஆஃப்; ஓட விட்டு விரலைக் கொண்டுபோனவர்கள் விரலோடு திரும்பியதில்லை. பிறகு லக்கேஜ் கட்டி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் ஆட்டம் இருக்க வேண்டும். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்றும் பாருங்கள். லாக் போட்ட செயின் என்றால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு பையன் திருப்பிப் போட்டு முன்னூறு கிலோமீட்டர் வந்திருந்தான். அவன் குலதெய்வம் நல்ல தெய்வம்.

இதையெல்லாம் கிளம்பும் முந்தின நாள் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பே செய்து, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள்.

செம்மண்ணில் ஓட்டிவிட்டு அதன் மேலேயே எண்ணெய் விடுவது

ஆத்தங்குடி பக்கம் ஒரு சுற்று சுற்றி வந்தால் செயின் சிவப்பாகிவிடும். அதைத் துடைக்காமல் மேலேயே ஸ்பிரே அடித்தால் மண்ணும் எண்ணெயும் குழைந்து உப்புத்தாள் வேலை செய்யும். துணியால் துடைத்து, வண்டி சூடாக இருக்கும்போதே செயினின் உள்பக்கம் லேசாக விடுங்கள். ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், ரப்பர் போய்விடும்.

ஒரே நாளில் எல்லாம்

நகரத்தார் கோயில்கள் ஒன்பதும், திருமயம் கோட்டையும், சித்தன்னவாசலும் ஒரே நாளில் என்று மேப்பில் கோடு போட்டு வருகிறவர்கள் உண்டு. கிலோமீட்டர் கணக்குப் பார்த்தால் முடியும்தான். ஆனால் மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். ரைடிங் பூட்ஸைக் கழற்றி மாட்டவே ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம். உச்சி வெயிலில் சித்தன்னவாசல் பாறையில் ஏறிவிட்டு ஜாக்கெட்டுக்குள் வெந்துபோய் வந்தவர்களுக்கு நான் மோர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், விடிந்ததும் திருமயம். பதினேழாம் நூற்றாண்டில் சேதுபதி கட்டிய கோட்டை, மேலே பீரங்கி, சுற்றிலும் பொட்டல். வெயில் ஏறுவதற்குள் இறங்கி கானாடுகாத்தான். பிறகு ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்கிற பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் சாயக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சைத் தூக்குவார்கள். ஒரு சொட்டு கலையாது. சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறப்போடுவதோடு சரி. அன்றைக்கு அது போதும்.

சைடு ஸ்டாண்டை மணலில் போடுவது

தட்டைக் கல் ஒன்று தேடி அடியில் வையுங்கள்.

மேப் காட்டிய கண்மாய்க் கரை

குறுக்குவழி என்று மேப் காட்டும். அழகான வழிதான், ஒரு பக்கம் தண்ணீர், கொக்கு. கூடவே சீமைக் கருவேல முள். ட்யூப் டயர் என்றால் போகாதீர்கள். ட்யூப்லெஸ் என்றால் முள்ளைப் பார்த்தவுடன் பிடுங்காதீர்கள். காற்று நிற்கிறதென்றால் அந்த முள்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. பஞ்சர் கிட்டை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

தை மாத ரோட்டை வெறும் ரோடு என்று நினைப்பது

தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழி முழுக்கப் பழனி பாதயாத்திரைக் கூட்டம். வெயிலுக்கு முன்னால் நடப்பதற்காக இருட்டிலேயே கிளம்புவார்கள். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் எண்பதில் போகாதீர்கள். கிராமத்து ரோட்டில் உளுந்தோ கொள்ளோ காயப்போட்டிருந்தால் அதன் மேல் பிரேக் தொடாதீர்கள், உருண்டைத் தானியம் பால்ரஸ் மாதிரி. வைக்கோல் பரப்பியிருந்தால் நின்று சைலன்சரைக் குனிந்து பாருங்கள், சுற்றிக்கொண்டு புகையும். பொங்கலை ஒட்டி வந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று அந்தப் பக்கமே வேண்டாம். பொட்டலில் அவிழ்த்துவிட்ட மாட்டுக்கு வாடிவாசல் கிடையாது, ரோடும் பொட்டலும் ஒன்றுதான்.

மெஸ்ஸில் கட்டு கட்டிவிட்டு உடனே கிளம்புவது

ஒரு மணி நேரம் படுங்கள்.

தெருவுக்குள் முறுக்குவது

கானாடுகாத்தான் தெருக்கள் நேராக இருக்கும், வீடுகள் இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். இரண்டு பக்கமும் நீளச் சுவர் என்பதால் சைலன்சர் சத்தம் பத்து மடங்காகத் திரும்பி வரும். புதிதாக வருகிறவர்களுக்கு அதில் ஒரு குஷி.

போன வருஷம் ஆறு பேரைக் கூட்டிப் போனேன். ஒருவன் வீடியோவுக்காக முறுக்கினான். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி எழுந்து வந்தார்கள். என்னைத்தான் பார்த்தார்கள், உள்ளூர் முகம் அல்லவா.

"ஏப்பா, அதுக்கு என்ன, உடம்புக்கு முடியலையா?"

"இல்ல ஆச்சி, புது வண்டி..."

"முடியாததைப் போட்டு ஓட்டாதீங்க. தள்ளிக்கிட்டுப் போங்க."

தெருமுனை வரை ஆறு வண்டிகளையும் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தோம். ஆச்சி அதுவரை வாசலிலேயே நின்றார்கள்.