கயிற்றை யார் கையில் கொடுப்பது?

கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர், படுகர் வீட்டுப் பிள்ளைகள் சிலர், நீலகிரிப் பழங்குடியினரான ஆலு குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேர். கூடி வேலை செய்யப் பழக்க வேண்டும் என்று முதல் ஆண்டில் ஆறு ஆறு பேராகப் பிரித்து, நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தலைவராக்கி, குழுவுக்கொரு சார்ட் அட்டை கொடுத்தேன். தலைவர் எல்லாவற்றையும் தானே வரைந்து முடித்தார். மற்ற ஐந்து பேரும் தூரிகை கழுவினார்கள். அதற்கு மதிப்பெண்ணும் போட்டேன்.

அந்த முறையை நான் கைவிட்டது, என் குறும்பர் மாணவி ஒருத்தியின் தாத்தா தேன் எடுக்கும் கதையைச் சொல்லக் கேட்ட பிறகுதான். பெருந்தேனீ செங்குத்தான பாறையில் அடை கட்டும். காட்டுக்கொடியில் பின்னிய ஏணியில் ஒருவர் இறங்குவார். பச்சை இலைக் கட்டைக் கொளுத்திப் புகை போட ஒருவர், தேனை வாங்க ஒருவர். மேலே கயிற்றைக் காப்பவர் இறங்குகிறவரின் மச்சான், மனைவியோடு பிறந்தவர். "ஏன் மச்சான்?" என்று கேட்டேன். "அவன் கயிற்றை விட்டால் அவன் தங்கையின் வாழ்வல்லவா போகும்?" என்றார். தலைமை என்றால் என்ன என்று நான் பத்து வகுப்பு எடுத்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இதை வகுப்புக்குக் கொண்டுபோக நினைக்கிறவர்கள் முதலில் சொல்பவரிடம் போய் அனுமதி கேளுங்கள். ஊருக்கே நேரில் போங்கள். எதை வகுப்பில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தேனீயிடம் பாடும் பாட்டு ஒன்று உண்டு; அதை ஆண்டு விழா மேடையில் ஏற்றலாமா என்று நான் கேட்டபோது தாத்தா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அத்தோடு விட்டுவிட்டேன். அவர் பள்ளிக்கு வரும் நாளில் ஒரு நாள் கூலி போகிறது, அதைக் கொடுத்துவிட வேண்டும். பொன்னாடை போர்த்துவதெல்லாம் அதற்குப் பிறகு. இன்னொன்று: வகுப்பில் இருக்கும் குறும்பர் பிள்ளையை எழுப்பி "உங்கள் ஆட்கள் கதையைச் சொல்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கே கூசிப் போய்விடும். தாத்தா வந்து பேசுவதை எல்லாரோடும் சேர்ந்து அதுவும் கேட்கட்டும்.

கதை நடக்கும்போது யாரும் நோட்டு எடுக்கக் கூடாது. மறுநாள் ஆறு பேர் கொண்ட குழுவுக்குள் ஒவ்வொருவரும் ஓர் ஆளாக நின்று அதே கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும்: இறங்கியவர் சொல்கிறார், புகை போட்டவர் சொல்கிறார், வீட்டில் காத்திருந்த தங்கை சொல்கிறாள். தனக்குத் தெரியாததைச் சொல்லக்கூடாது. மேலே இருப்பவருக்கு அடை தெரியாது, கயிற்றின் இழுப்பு மட்டும் தெரியும். ஒரு கதை முழுதாக வேண்டுமானால் ஆறு வாயும் வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு அங்கேயே பிடிபட்டுவிடும்.

பிறகு அதே கதையைக் குழுவாக ஓவியமாக வரைகிறோம். வெள்ளரிக்கொம்பை என்ற ஊருக்குப் பக்கத்தில் எழுத்துப் பாறை என்ற இடத்தில் பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. குறும்பர்கள் கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் வரைந்து வந்திருக்கிறார்கள். அதைப் பூசாரி குடும்பத்து ஆண்கள் வரைவது வழக்கம். மண், இலை, மரப்பட்டை, வேங்கைப் பிசின் என்று காட்டில் கிடைப்பதுதான் வண்ணம். தேன் எடுப்பது அவர்கள் விரும்பி வரையும் காட்சிகளில் ஒன்று. நாங்கள் செய்வது அந்த ஓவியம் ஆகாது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பயிற்சி என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

குழுவுக்கு நான்கு முழம் காடாத்துணி போதும். செம்மண்ணை ஓர் இரவு ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கருவேலம் பிசின் கரைத்த நீரைக் கலந்து துணியில் பூசிக் காயவிடுங்கள். பச்சைக்கு அவரை இலையைக் கசக்கித் துணியில் அப்படியே தேய்க்கலாம். கறுப்புக்கு அடுப்புக்கரி. வெள்ளைக்குச் சாக்பீஸ் தூள். சுண்ணாம்பு வேண்டாம், கை வெந்துபோகும். மரப்பட்டையை உரிக்க யாரையும் அனுப்பாதீர்கள்.

இப்போது முக்கியமான விதி. குழுவில் ஒருவர் கயிறு. அவர் தூரிகையைத் தொடக்கூடாது. நிறுத்தச் சொல்வது, ஆளை மாற்றச் சொல்வது, தண்ணீர் அதிகமா என்று பார்ப்பது, யார் சும்மா நிற்கிறார் என்று கவனிப்பது இவ்வளவும் அவர் வேலை. அவர் "நில்" என்றால் எல்லாக் கையும் நிற்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் கயிறு கை மாறும். யாரிடம் கொடுப்பது என்பதை முந்தைய நாள் தூரிகை பிடித்தவர்களில் ஒருவர் முடிவு செய்வார். காரணம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். "என் தோழி" என்பது காரணம் ஆகாது.

சென்ற ஆண்டு, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணிடம் கயிறு வந்தது. கொடுத்த பையனிடம் காரணம் கேட்டேன். "நான் கறுப்பு வைக்கும்போது இவள் மட்டும்தான் டீச்சர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்" என்றான். பத்து நிமிடம் போயிருக்கும். மண்ணில் தண்ணீர் கூடி, பாறையின் விளிம்பு வழியத் தொடங்கியது. அவள் கையை உயர்த்தி "நில்லுங்கள்" என்றாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ஐந்து தூரிகையும் நின்றன. துணியைத் தரையில் கிடத்தச் சொல்லி, ஓரத்தில் காய்ந்த மண்ணைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டாள். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

வாரம் இரண்டு வகுப்பு, ஐந்து வாரம் ஆகும். மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்றால் படத்துக்குப் போடாதீர்கள். யார் எப்போது நிறுத்தச் சொன்னார், நிறுத்தாமல் விட்டதால் என்ன கெட்டது என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுதும் அரைப்பக்கத்துக்குப் போடுங்கள்.

துணியின் மேல் ஓரத்தில் ஒரு சாண் வெறுமையாக விட்டுவையுங்கள். முடிந்ததும் கதை சொன்னவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் திருத்தம் சொல்வார், அதற்கு இடம் வேண்டும். எங்கள் தாத்தா வாசலில் துணியை விரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கயிற்றின் மேல் நுனியில் விரலை வைத்து, "இதை எந்த மரத்தில் கட்டினீர்கள்?" என்று கேட்டார். மரமே வரையவில்லை. பிள்ளைகள் கரித்துண்டு எடுத்துக்கொண்டு அங்கேயே திண்ணையில் உட்கார்ந்தார்கள்.