விளையாடும் பிள்ளையைக் கவனித்து எழுதி வைப்பது எப்படி

நான் சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கே2 (ஆறு வயது) பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது, “விளையாடிக்கிட்டே இருக்கானே டீச்சர், எப்போ படிப்பான்?” என்றுதான். படிப்பு அந்த விளையாட்டுக்குள்ளேயே நடக்கிறது. அதைக் கவனித்துக் குறித்து வைப்பதுதான் எங்கள் மதிப்பீடு. வீட்டிலும் இதைச் செய்யலாம்.

எனக்குப் பிடித்த விளையாட்டு, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையைப் போல வீட்டில் ஒரு காய்கறிக் கடை போடுவது. ஒரு குட்டை மேசை, சமையலறையிலிருந்து தக்காளி, வெங்காயம், வெண்டைக்காய், முருங்கைக்காய், கொஞ்சம் சில்லறை, இவ்வளவுதான். தவழும் தம்பி தங்கை இருந்தால் மட்டும் சில்லறைக்குப் பதில் பெரிய அட்டைக் காசு வெட்டிக்கொள்ளுங்கள். விலை அட்டையைப் பிள்ளையே எழுதட்டும். எழுத்து தலைகீழாக இருந்தால் இருக்கட்டும், அன்றைக்குத் திருத்த வேண்டாம்.

நீங்கள் வாடிக்கையாளர். “இது என்ன கலர்? எத்தனை இருக்கு?” என்று கேட்டால் கடை அந்த நிமிடமே பரீட்சை ஆகிவிடும். “அண்ணே, இன்னிக்கு சாம்பார் வைக்கணும், என்ன வாங்கலாம்?” என்று கேளுங்கள். 60 காசு வெண்டைக்காய்க்கு ஒரு வெள்ளியை (நூறு காசு) நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் காத்திருப்பு நிறையப் பேருக்குக் கஷ்டமாக இருக்கிறது. மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பிள்ளை “இது ஹெவி” என்றால், “ஆமா, ரொம்பக் கனமா இருக்கே” என்று தமிழில் பதில் சொன்னால் போதும்.

அப்புறம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்டதையும் கேட்டதையும் மட்டும். ‘கணக்கில் கெட்டி’ என்பது உங்கள் தீர்ப்பு. ‘முருங்கைக்காய் நீளமா இருக்கு, அதனால ரெண்டு வெள்ளி என்றாள். வெண்டைக்காய்க்குக் கொடுத்த ஒரு வெள்ளிக்கு இரண்டு 20 காசை எடுத்து மீதி கொடுத்தாள்’ என்பது குறிப்பு. இந்த இரண்டு வரியில் நீளத்தை ஒப்பிட்டது தெரிகிறது, காரணம் சொல்லிப் பேசியது தெரிகிறது, கழித்தலும் தெரிகிறது. எந்தப் பயிற்சித்தாளும் எனக்கு இத்தனையையும் ஒன்றாகக் காட்டியதில்லை.

கல்வி அமைச்சு 2022இல் புதுப்பித்த பாலர் கல்விக் கட்டமைப்பில் ஆறு கற்றல் துறைகள் உண்டு: கலை, உலகை அறிதல், உடல்நலமும் உடலியக்கமும், மொழி, எண், சமூக உணர்வு வளர்ச்சி. நோட்டில் துறைக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரே விளையாட்டில் ஆறும் நிரம்பாது. உடலியக்கப் பக்கம் காலியாகவே இருந்தால், மாலையில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். விட்டுவிடாமல் மறுபடி முயன்றது, வியந்து கேட்ட கேள்வி, இவற்றையும் குறியுங்கள். கட்டமைப்பு இந்த மனப்பாங்குகளையும் முக்கியமாகச் சொல்கிறது.

சில வாரம் கழித்து அதே கடையைத் திறந்து பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவே வேண்டாம். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண் சேரும் தேர்வுகள் 2019 முதல் கிடையாது. ஆறு வயதில் தேர்வுத்தாள் கட்டுகளை வாங்கி அடுக்குவதற்கு அவசியமே இல்லை.

பெற்றோர் சந்திப்புக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் பாட்டியிடம் பேரம் பேசுகிறது என்றால், ஆசிரியருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.