பழைய விதைப்பானில் பயிர் இடைவெளி தப்புவது எங்கே?

மக்காச்சோளம் விதைத்த எட்டாம் நாள் வயலில் இறங்கிப் பார்த்தால், ஒரு முழ நீளத்துக்குப் பயிரே இருக்காது. அடுத்த எட்டில் மூன்று பயிர் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். பழைய விதைப்பான் வைத்திருக்கிற யாருக்கும் இது தெரிந்த காட்சிதான். பெரம்பலூர்க் கரிசலில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கிற எங்களுக்கு, 40 சென்ட் நிலத்தில் பத்து வரிசை கெட்டால் அந்தப் பட்டமே கெட்ட மாதிரி. நெல்லைப் போல மக்காச்சோளம் தூர் கட்டி இடத்தை நிரப்பிக்கொள்ளாது.

வீரிய ஒட்டு ரகத்துக்கு 60 செ.மீ. வரிசை, செடிக்குச் செடி 25 செ.மீ. என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கணக்குப் போட்டால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி வரும்.

இடைவெளி தப்பினால் எல்லாரும் முதலில் குறை சொல்வது விதைத் தட்டை, அதாவது குழிகளில் விதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் வட்டத் தட்டை. நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாம் கைக்கு வாங்கிய சாய்தட்டு விதைப்பானுக்கு முதல் வருஷமே எல்லாத் தட்டையும் புதிதாக மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம், வயலில் பொக்கை, அதாவது பயிர் இல்லாத வெற்றிடம், அப்படியே இருந்தது. குறை இருந்தது தரைச் சக்கரத்தில். சக்கரத்தைச் சுற்றி மண்ணைப் பிடிக்கும் பற்கள் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தன.

இந்த வகை விதைப்பானில் தட்டைச் சுழற்றுவது டிராக்டர் இன்ஜின் இல்லை. தரையில் உருளும் சக்கரம்தான் செயின் வழியாகத் தட்டைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 126 செ.மீ. ஓடும். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும்போது பத்துக் குழி உள்ள தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், 25 செ.மீ.க்கு ஒரு விதை விழும். சக்கரம் உருளாமல் மண்ணில் இழுபட்டுப் போனால் தட்டு நின்றுவிடும், ஆனால் டிராக்டர் போய்க்கொண்டே இருக்கும். அந்த இடம்தான் பொக்கை.

இதைக் கண்டுபிடிக்கச் செலவு ஒன்றும் இல்லை. சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, விதைக்கப்போகும் உழவு மண்ணிலேயே பத்துச் சுற்று ஓட்டி, ஓடிய தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும். 12.6 மீட்டர் வர வேண்டிய இடத்தில் எனக்கு 14 மீட்டர் வந்தது. அதாவது 25 செ.மீ. இடைவெளி சராசரி 27.8 ஆகிவிட்டது; ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 2,700 செடி குறைகிறது. களத்திலும் சிமெண்ட் தரையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று நம்புவது பெரிய தவறு. அங்கே சக்கரம் வழுக்காது, கட்டியில் ஏறிக் குதிக்காது. பட்டறையில் புதுப் பற்களைப் பற்றவைத்த பிறகுதான் எனக்கு வரிசை வரிசையாக வந்தது.

செயின் தொய்வையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தொய்ந்த செயினில் தட்டு தயங்கித் தயங்கிச் சுற்றும்.

வேகம் அடுத்த தொல்லை. மணிக்கணக்கு வாடகை என்பதால் டிரைவர் விரட்டுவார். தட்டு வேகமாகச் சுற்றினால் குழியில் விதை உட்கார நேரம் இருக்காது. 25 மீட்டருக்கு இரண்டு முளைக்குச்சி அடித்து, அந்தத் தூரத்தைக் கடக்க அரை நிமிஷம் எடுக்கிறதா என்று பார்த்தால் போதும். அது மணிக்கு 3 கி.மீ. வேகம்.

விதை நேர்த்தியில் அவசரப்பட்டாலும் இதே கதைதான். அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசியதும் விதைப் பெட்டியில் கொட்டினால், விதைகள் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக விழும், இல்லையென்றால் குழியிலேயே பிடித்துக்கொள்ளும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிரும்போது கொட்டுங்கள். பெட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பவும் வேண்டாம், அடி தெரியும்வரை ஓட்டவும் வேண்டாம்.

ஒரு வருஷம் மூன்றாவது வரிசை மட்டும் முழுக்க மொட்டையாக இருந்தது. பெட்டியிலிருந்து விதை இறங்கும் குழாயைக் கழற்றித் தட்டினேன். குளவி கட்டிய மண்கூடு முழுசாக வந்து விழுந்தது, அதற்கு மேலே விதை அடைத்துக்கொண்டு நின்றது. எட்டு மாதம் கொட்டகையில் கிடக்கும் கருவியில் குளவி கூடு கட்டாமல் இருக்காது. இப்போதெல்லாம் விதைப்பு முடிந்ததும் எல்லாக் குழாய் வாயிலும் துணி அடைத்து வைக்கிறேன். கிழிந்த குழாய்க்குப் பதிலாக நீளமான தோட்டத்துக் குழாயை மாட்டுபவர்களும் உண்டு. அது வளைந்து தொங்கும், விதை அந்த வளைவில் தேங்கிக் கொத்தாக விழும்.

சிறு நிலத்துக்கே உரிய தவறு, மூலையில் திரும்பும்போது, மண்ணைக் கீறி விதையை இறக்கும் கொழுவைத் தூக்காமல் டிராக்டரைப் பின்னால் எடுப்பது. ஈரக் கரிசல் கொழுவின் வாயில் ஏறி அடைத்துக்கொள்ளும், அடுத்த சால் முழுக்க விதை விழாது. முதலில் தூக்க வேண்டும், பிறகு திருப்ப வேண்டும், வண்டி முன்னால் நகரத் தொடங்கிய பிறகே இறக்க வேண்டும்.

விதைக்கத் தொடங்கும்போது மண் மூடும் பலகையைக் கழற்றிவிட்டு ஒரு சால் ஓட்டி, 5 மீட்டரில் விழுந்த விதையை எண்ணுங்கள். 20 இருக்க வேண்டும். முளைத்த பிறகு பொக்கை தெரிந்தால் அந்த இடத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். விதை உள்ளே கிடந்தால் மிஷின் மேல் குற்றமில்லை. ஆழமும் ஈரமும்தான் காரணம்.

எத்தனை சரி செய்தாலும் ஒவ்வொரு சாலின் இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் அளவு விதை விழாமல் போகும். 25 மீட்டர் நீள வயலில் அதுவே நூற்றுக்கு எட்டு. அதனால் விதைத்த அன்று சாயங்காலமே, ஈரம் காய்வதற்குள், நானும் வீட்டுக்காரியும் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு வரப்போரமாக நடந்து கையால் ஊன்றிவிடுவோம். பத்து நாள் கழித்துப் பாடுவாசி நிரப்பினால், அதாவது பொக்கையில் மறுபடி விதை ஊன்றினால், அந்தச் செடி மற்றதன் நிழலில் நின்று, கதிர் வைத்தாலும் மணி பிடிக்காது.